பெயர் நிற்க வேண்டிய இடம்: திறமூல மென்பொருளும் முன்னேஸ்வர உபயமும்

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் கோயிலில் ஆவணித் திருவிழா ஏறக்குறைய நான்கு வாரம் நடந்து, தெதுறு ஓயா ஆற்றில் நடக்கும் தீர்த்தத்தோடு நிறைவுறும். அன்றைய விழாவை ஏற்று நடத்தும் உபயகாரர் நாள்தோறும் மாறுவர். ஒருவர் பெயர் அவருடைய நாளோடு நிற்கும். முழுத் திருவிழாவுக்கும் அவர் உரிமை கொண்டாடுவதில்லை. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அதே கோயிலுக்கு அளித்த நிலக்கொடையோ கல்வெட்டில் ஏறியது. அது என்றென்றைக்குமான பதிவு. திறமூல மென்பொருளில் பங்களித்தோருக்குப் பெயர் சூட்டுவதில் எழுந்த சிக்கல்கள் பலவும், உபயமாக இருக்க வேண்டியதைக் கல்வெட்டாக்கியதால் வந்தவை.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய பிஎஸ்டி உரிமத்தை எடுத்துக்கொள்வோம். அந்த உரிமத்தில் வெளியான மென்பொருளைக் குறிப்பிடும் விளம்பரம் ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றது அது. பிறரும் அந்த வரியை எடுத்துத் தத்தம் பெயரைப் பொருத்திக்கொண்டனர். 1997ஆம் ஆண்டு நெட்பிஎஸ்டி இயங்குதளப் பதிப்பொன்றில் இத்தகைய நன்றி வாசகங்கள் 75 இருந்ததை, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். விளம்பரம் போடுபவர் பாடு திண்டாட்டம்தான்! 1999 ஜூலையில் பெர்க்லி அந்த விதியைக் கைவிட்டது. 2004இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழு, மூலநிரல் கோப்புகளில் ஆசிரியர் பெயர் பொறிப்பதைத் தவிர்க்கச் சொன்னது. பெயர் இருந்தால் கோப்பு அவருடைய சொத்தென்று எண்ணி, மற்றவர்கள் கைவைக்கத் தயங்குவர் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

இரண்டும் நியாயமான எதிர்ப்புகளே. ஆனால் ஒவ்வொரு பதிப்போடும் வரும் வெளியீட்டுக் குறிப்பில் பெயர் சொல்வதை அவை தொடுவதில்லை. அது ஒரு பதிப்புக்கு மட்டும் உரியது. அடுத்த பதிப்புக்குச் சுமையாகாது, எந்தக் கோப்பையும் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்காது.

பெயரைக் கோப்புக்குள்ளேயே விட்டுவைத்தால் என்ன நேரும் என்பதற்கு மென்பொருள் தமிழாக்கம் நல்ல சான்று. மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் கருவியின் பிஓ கோப்புத் தலைப்பில் முதல் ஆசிரியருக்கு ஒரு வரி, கடைசி மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு புலம். இடைப்பட்டவர்கள் தாமாகவோ பிறரோ சேர்த்தால்தான் உண்டு. தொடங்கியவர் ஒருவர், நூற்றுக்கணக்கான சரங்களைத் திருத்தியவர் இன்னொருவர், நேற்று ஒற்றுப்பிழை நீக்கியவர் மூன்றாமவர் என்றால், நடுவில் உழைத்தவர்தான் மறைகிறார்.

நிரல் மாற்றங்களைப் பதிந்து பேணும் கிட் திட்டத்தின் வெளியீட்டு அறிவிப்பு இந்தச் சிக்கலை ஓரளவு சரிசெய்கிறது. புதிதாக வந்தவர்களை வரவேற்கிறது. தொடர்ந்து உழைப்பவர்களுக்குத் தனியே நன்றி சொல்கிறது. நிரல் எழுதியோருடன் பிழை தெரிவித்தவர், வழிகாட்டியவர், மீளாய்வு செய்தவர் ஆகியோரும் கணக்கில் வருகின்றனர். இது அந்தப் பதிப்புக்கான உபயப் பட்டியலேதான்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதப்படும் கமிட் குறிப்பில் பதிவாகாத உதவி அந்தப் பட்டியலுக்கு எட்டாது. எழுத்துரு உடைவதைக் கண்டு சொன்னவரும், கலைச்சொல் பற்றி வாதாடித் தெளிவித்தவரும் இப்படித்தான் விடுபடுகின்றனர். மாற்றத்தை இணைக்கும்போதே பராமரிப்பாளர் அவர்களுக்காக ஒரு வரி எழுதிவிட வேண்டும்; வெளியீட்டு நாளன்று நினைவைத் துழாவினால், நிரல் எழுதியவர்களின் பெயர்களே முதலில் வந்து நிற்கும்.