வெள்வேல்

கொங்கு நாட்டில், காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வறண்ட மேட்டுநிலத்தில், செம்மண்ணிலும் சரளையிலும் வேரூன்றி, மேய்ச்சற்காட்டின் பிரதான விருட்சமாக நிற்பது வெள்வேல். பட்டை இளமையில் வெளிறியும் முதிர்ந்தபின் கறுத்தும் காணும். முட்கள் இரட்டையாக அமையும். கருவேலம்பூ இலைக்கக்கத்தில் பொன்னிறமாய்ப் பூக்க, இதுவோ மழைக்காலத்தை ஒட்டிக் கிளைநுனிகளில் வெளிர்மஞ்சள் உருண்டைகளைப் பெருங்கொத்தாகத் தாங்கும். தாவர சாஸ்திரி வில்லியம் ராக்ஸ்பரோ மிமோசா இனத்தில் சேர்த்து வர்ணித்த இதனை 1806-இல் வில்டெனோ அக்கேசியாவுக்கு மாற்றினார். இன்றைய சாஸ்திரிகள் வச்செல்லியாவில் வைக்கின்றனர்.

இம்மரத்தின் மகிமையைத் தனிமரமாக நோக்கி அறிதல் இயலாது. கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டு உயிர்வேலி எழுப்பி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லைப் பரவவிட்டு, இடையிடையே வெள்வேலை வளரவிட்டு, கடவு வைத்து அடைத்த நிலத்தைக் குடியானவர்கள் கொறங்காடு என்பர். அடர்த்தியற்ற இதன் நிழலில் புல் சாகாது தழைக்க, புல் காய்ந்துபோகும் கோடையிலோ முதிர்ந்த நெற்றுகள் ஆடுமாடுகளுக்குத் தீனியாக உதிர்கின்றன. அந்நெற்றைத் தின்ற ஆடுகளின் வயிற்றில் செரியாது தப்பிய விதைகள் புழுக்கையோடு வெளிவந்து, ஓடு இளகியமையால் மழை கண்டதும் எளிதில் முளைக்கும். மரம் ஆட்டை வளர்க்க, ஆடு மரத்தை விதைக்கும் இவ்வேற்பாட்டினும் சிக்கனமான வேளாண்மையை நான் அறியேன். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பேணிக் கீர்த்தி பெறச்செய்த காங்கயம் காளைகளும் இம்மேய்ச்சலில் உரம் பெற்றவையே.

வைரம் பாய்ந்த கட்டை கலப்பைக்கும் வண்டிக்கும் தூணுக்கும் உதவியது. கரியும் நன்கு எரியும். துவர்ப்பு மிகுந்த பட்டை தோல் பதனிடவும், சாராயம் வடிக்கவும், உள்நார் கயிறு திரிக்கவும் உபயோகப்பட்டன.

திருப்பூர்ப் பனியன் தொழில் கிராமத்து இளைஞரை ஈர்த்துக்கொள்ள, மேய்ப்பதற்கு ஆளின்றிக் காடுகள் பல விலைப்பட்டன. காற்றாலைகளும் வீட்டுமனைகளும் எழுந்தன. காவலற்ற இடத்தில் சீமைக்கருவேல் புகுந்தது. கால்நடையைக் காக்க விரும்புவோர் காளையை மட்டும் போற்றி, அதன் தீனி விளையும் கொறங்காட்டைக் கைவிடுதல் பெரும்பிழை. கிளுவைவேலியைப் பழுதுபார்த்து, சில ஆண்டுகளுக்கொருமுறை உழுது புல்லைப் புதுப்பித்து, ஆட்டுப்பட்டி போடும் காடுகளில் வெள்வேல் இன்றும் தானே முளைத்தெழுகின்றது.