கஞ்சிக்கோடும் ஹோம்டெல்லும் - காலாண்டுக் கணக்கு தின்ற கம்பெனிகள்

கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு பஸ் ஏறி, வாளையார் செக்போஸ்ட் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் கஞ்சிக்கோடு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு காலத்தில் "பையன் ஐ.டி.ஐ.யில இருக்கான்" என்று சொன்னால் பெண் வீட்டில் மறுபேச்சு கிடையாது. (தொழிற்பயிற்சி நிலையம் இல்லீங்க, இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்!) இங்கே நியூ ஜெர்சியில் 'பெல் லேப்ஸ்' என்று சொன்னாலும் அதே மரியாதைதான். இந்த இரண்டு பெயருக்கும் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தப் பதிவு.

நான் பி.காம். படித்து வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டுபவன். டெலிபோன் எக்சேஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். பேலன்ஸ் ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியும். அந்தக் கண்ணால் பார்த்த சரித்திரம் இது.

ஐ.டி.ஐ. 1948-ல் பெங்களூரில் ஆரம்பித்தது. பாலக்காடு தொழிற்சாலை 1976-ல் வந்தது. டிஜிட்டல் எக்சேஞ்ச்கள் செய்தார்கள். அந்தக் காலத்தில் போன் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். செய்வதையெல்லாம் வாங்கிக்கொள்ள ஒரே ஒரு வாடிக்கையாளர், மத்திய அரசின் தொலைபேசித் துறை. விற்பனைக்கு அலைய வேண்டியதே இல்லை. ஒரே ஆளை நம்பி வியாபாரம் செய்கிறவருக்குக் கடன் கொடுக்க வங்கிக்காரன் பத்து முறை யோசிப்பான். ஆனால் அந்த ஒரே ஆள் அரசாங்கமாயிற்றே!

1982-ல் பிரான்சின் அல்காடெல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஈ-10பி என்கிற டிஜிட்டல் எக்சேஞ்ச் தொழில்நுட்பத்தை வாங்கினார்கள். உத்தரப்பிரதேசத்தில் மன்காபூரில் அதற்காகவே ஒரு தொழிற்சாலை எழும்பியது. 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று சி-டாட் தொடங்கினார். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற, ஏ.சி. தேவைப்படாத கிராமத்து எக்சேஞ்ச் ஒன்றை அவர்கள் வடிவமைத்தார்கள். 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் அது ஓடத் தொடங்கியது.

ஆக ஒரு பக்கம் வாங்கிய தொழில்நுட்பம், இன்னொரு பக்கம் வேறு நிறுவனம் வடிவமைத்தது. உற்பத்தி செய்யும் ஐ.டி.ஐ.க்கு, "பத்து வருஷம் கழித்து நம்முடைய சரக்கு என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அமைச்சருக்கு இந்த வருஷம் எத்தனை லைன் என்ற கணக்கு. மேலே இருப்பவருக்குத் தன் பதவிக்காலம் முடிய எத்தனை வருஷம் என்ற கணக்கு. 1991-க்குப் பிறகு தனியார் போட்டி வந்தது. 2000-ல் தொலைபேசித் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். ஆனது. அடுத்து செல்போன் அலை. லேண்ட்லைன் எக்சேஞ்சை யார் வாங்குவார்கள்? கடைசியில் 2014-ல் 4,156.79 கோடி ரூபாய்க்கு மறுசீரமைப்புத் திட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது.

கஞ்சிக்கோட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட். 1964-ல் உருவான மத்திய அரசு நிறுவனம், தலைமையகம் ராஜஸ்தானில் கோட்டா. கஞ்சிக்கோடு பிரிவு ஆலைகளுக்கான கட்டுப்பாட்டு வால்வுகள் செய்தது. கோட்டா நஷ்டத்தில் மூழ்கியபோதும் பாலக்காடு லாபம் காட்டியது. 2016 நவம்பரில் மத்திய அமைச்சரவை கோட்டாவை மூடவும், பாலக்காட்டைக் கேரள அரசிடம் கொடுக்கவும் கொள்கை அளவில் முடிவெடுத்தது. ஓடுகிற மாட்டை நொண்டி மாட்டோடு ஒரே நுகத்தில் இத்தனை வருஷம் பூட்டி வைத்தது யார் குற்றம்? வால்வு செய்த தொழிலாளியின் குற்றம் நிச்சயமாக இல்லை.

"கவர்ன்மென்ட் கம்பெனின்னா அப்படித்தான் சார்" என்பீர்கள். சரி, தனியாருக்கு வருவோம்.

1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்த இடம் இங்கே மர்ரே ஹில்லில் இருக்கிற பெல் லேப்ஸ். 1996-ல் ஏ.டி.அண்ட்.டி.யிலிருந்து பிரிந்த லூசென்ட் நிறுவனத்துக்கு அந்த ஆராய்ச்சிக்கூடம் சீதனமாக வந்தது. பங்குச் சந்தையின் செல்லப்பிள்ளை. ஒவ்வொரு காலாண்டிலும் சந்தை எதிர்பார்த்த வளர்ச்சியைக் காட்டியே ஆக வேண்டும். எப்படிக் காட்டுவது? வாங்குகிறவனுக்குத் தானே கடன் கொடுத்துத் தன் சரக்கை வாங்க வைப்பது! வின்ஸ்டார் என்ற கம்பெனிக்கு 1998-ல் 200 கோடி டாலர் வரை கடன் வசதி கொடுத்தார்கள். 2001 ஏப்ரலில் வின்ஸ்டார் திவால்.

இதற்கிடையில் 10 கிகாபிட் ஒளியிழைக் கருவியைச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்று இன்ஜினியர்கள் கேட்டும் நிர்வாகம் தள்ளிப்போட, கனடாவின் நார்டெல் அந்தச் சந்தையைப் பிடித்தது. 2000 அக்டோபரில் லூசென்ட் தலைவர் ரிச் மெக்கின் நீக்கப்பட்டார். 2000-ம் நிதியாண்டில் 114.8 கோடி டாலர் வருமானத்தை முறைகேடாகக் கணக்கில் காட்டியதாக 2004-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. 2006-ல் லூசென்ட் அல்காடெல்லோடு இணைந்தது. ஆமாம், நமக்கு ஈ-10பி கொடுத்த அதே அல்காடெல்தான்! 2016-ல் இரண்டையும் சேர்த்து நோக்கியா எடுத்துக்கொண்டது. ஹோம்டெல்லில் இருந்த பிரம்மாண்டமான பெல் லேப்ஸ் கட்டடத்தில் இப்போது கடைகளும் வாடகை அலுவலகங்களும் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் வடிவத் தண்ணீர்த் தொட்டி மட்டும் வாசலில் நிற்கிறது.

ஏன் இப்படி? காமர்ஸ்காரன் பதில் சின்னது. கம்பெனி ஒரு மெஷின் வாங்கினால் அது சொத்து, விலையைப் பல வருஷத்துக்குப் பிரித்துக் கழிக்கலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற சம்பளம் பெரும்பாலும் அந்த வருஷமே செலவு. அதனால் ஆராய்ச்சியை வெட்டினால் அடுத்த காலாண்டிலேயே லாபம் ஏறும், வெட்டியவருக்கு போனஸ் கிடைக்கும். நஷ்டம் ஐந்தாறு வருஷம் கழித்து வரும். அப்போது அவர் வேறு கம்பெனியில் இருப்பார். விதை நெல்லை விற்றுவிட்டு இந்த வருஷம் வருமானம் அதிகம் என்று பெருமை அடிப்பது போலத்தான்.

நீண்ட நோக்கு இருந்தால் மட்டும் பிழைத்துவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். 10 கிகாபிட்டில் ஜெயித்த நார்டெல்லும் 2009-ல் திவால் மனு கொடுத்தது. வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து விற்கிற வியாதி அங்கேயும் இருந்தது.

நம் வீடுகளில் பாதிப் பேர் இப்படிப்பட்ட கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறோம். சம்பளமும் அங்கே, ஓய்வுக்கால சேமிப்பில் பங்கும் அதே கம்பெனியில்! லூசென்ட் விழுந்தபோது இரண்டையும் ஒன்றாக இழந்தவர்கள் ஏராளம். அதனால் வருஷ அறிக்கை கைக்கு வந்தால் மூன்று விஷயம் பாருங்கள். விற்பனையைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி ஏறுகிறதா? லாபம் காட்டியும் கையில் காசு வரவில்லையா? ஆராய்ச்சிச் செலவு குறைகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், தலைவர் மேடையில் என்ன பேசினாலும் சரி, சேமிப்பையாவது வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.