பாலராமபுரம்

பாலராமபுரம், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 14 கி.மீ. தெற்கே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள கைத்தறி ஊர். கசவு என்னும் சரிகைக் கரை போட்ட வேட்டிக்கும், முண்டு-நேரியதுக்கும், சேலைக்கும் பேர்போனது. ஆற்றங்கரையிலோ கோயிலைச் சுற்றியோ தானாக வளர்ந்த ஊர் இல்லை இது. தொழிலுக்கு ஒரு சாதி, சாதிக்கு ஒரு தெரு என்று திருவிதாங்கூர் அரசு கணக்குப் போட்டுக் குடியேற்றிய ஊர்.

அவிட்டம் திருநாள் பாலராம வர்மா 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டார். 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 8 லட்ச ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. கம்பெனியை எதிர்த்து வேலுத்தம்பி தளவாய் நடத்திய கிளர்ச்சி 1809இல் அடக்கப்பட்டபின் திவானாக வந்த உம்மிணித் தம்பிக்கு அந்தச் சுமையும் சேர்ந்தே வந்தது. விழிஞ்ஞத்தைத் துறைமுகமாக வளர்க்க முனைந்த அவர், அதற்கு உள்ளே சற்றுத் தள்ளி, காடாகக் கிடந்த நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டை ஒன்றை எழுப்பி அதற்கு மன்னரின் பெயரை வைத்தார். நெசவுக்குச் சாலியர், செக்காட்ட வாணியர், மீன்பிடிக்க முக்குவர், வணிகத்துக்கு முஸ்லிம்கள் என்று குடியமர்த்தப்பட்டனர். 1810 நவம்பரில் மன்னர் இறந்தார். 1811இல் உம்மிணித் தம்பியின் பதவி போய், கம்பெனியின் ரெசிடெண்டு கர்னல் மன்றோவே திவானானார். திட்டம் போட்டவர் போனபின்னும் தறிகள் ஓடின.

சாலியர் தமிழர். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏழு குடும்பங்கள் முதலில் வந்தன என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணியை நெய்து கொடுப்பதே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு ஆகிய நான்கும் அவர்களுடையவை. அகத்தியருக்குக் கோயில் எடுத்து வழிபட்டு வருகிறார்கள். கேரளத்தில் அகத்தியர் கோயில் அரிது.

நெசவில் பாதி வேலை தறிக்கு வெளியே நடக்கும். தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, இரு பக்கமும் ஆட்கள் நின்று நார்த் தூரிகையால் நீவிக்கொண்டே போவார்கள். விடியலிலேயே தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் இழை விறைத்து அறும். தெரு அகலமாகவும் நேராகவும் இருப்பது இந்த வேலைக்காகத்தான். வீட்டுக்குள் குழித்தறி. நெய்பவர் குழியில் காலை இறக்கி மிதிகளை மாற்றி மாற்றி அமுக்க, நாடா ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பாய்கிறது. கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கண்டுபிடித்தார். இந்தியத் தறிகளில் பெரும்பாலானவை அதற்கு மாறியபிறகும் இந்தத் தெருக்கள் கையால் வீசும் எறிநாடாவை விடவில்லை. கரையிலும் முந்தியிலும் கசவு முன்பக்கம் போலவே பின்பக்கமும் தெரியும்படி நெய்ய அது கைகொடுக்கிறது. புளியிலை அளவுக்கு ஒடுங்கிய புளியிலைக்கரை இவ்வூர் நெசவின் அடையாளம். கசவுச் சரிகை வருவது சூரத்திலிருந்து. நூல் சுற்றுவதும் தார் போடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நெய்தவர் பெயரைச் சொல்லும்போது அவர்களைச் சேர்த்துச் சொல்பவர் குறைவு. அந்தக் கைகள் இல்லாவிட்டால் தறி ஒரு நாள்கூட ஓடாது.

தெருவைச் சாதிக்குப் பிரித்துக் கொடுத்ததன் விளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டது. பக்கத்து வெங்ஙானூரைச் சேர்ந்த புலையர் தலைவர் அய்யங்காளி, தம் சாதியினருக்கு இருந்த தடையை 1893இல் மீறி வில்வண்டி ஓட்டிப் பொதுச்சாலையில் சென்றவர். 1898இல் தம் மக்களைத் திரட்டிச் சாலை உரிமைக்காக அவர் நடந்தபோது பாலராமபுரம் சாலியத் தெருவில் வழி மறிக்கப்பட்டது, கைகலப்பு மூண்டது. புலையர்களும் திருப்பி அடித்தார்கள். கலவரம் சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவியது. 1900 வாக்கில் திருவிதாங்கூரின் பெரும்பாலான சாலைகளில் புலையர்கள் நடக்கும் உரிமை பெற்றார்கள். கைத்தறியைப் புகழும் குறிப்புகள் இந்த நிகழ்ச்சியைத் தொடுவதில்லை. ஊரின் வரலாறு என்று எழுதினால் கசவுக்குத் தரும் இடத்தை இதற்கும் தர வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் தறி சாலியத் தெருவுக்குள் மட்டும் நிற்கவில்லை. நாடார், ஈழவர் உள்ளிட்ட பிற சமூகத்தாரும் தொழிலைக் கற்று, சுற்றுக் கிராமங்களில் தறி போட்டார்கள். விசைநாடாத் தறிகளும் அங்கே வந்தன. சாலியரில் பலர் நெய்வதை விட்டு, நூல் கொடுத்துத் துணி வாங்கும் வியாபாரிகளானார்கள். 1956 நவம்பர் 1 அன்று நாகர்கோவில் பக்கத்துத் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுமுறை எல்லைக்கு அப்பாலும் தறி எல்லைக்கு இப்பாலும் என்றாயிற்று, சாலியர் நிலை. கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்க ஹான்டெக்ஸ் 1961இல் அமைந்தது.

சரிவுக்குக் காரணங்கள் பல. விசைத்தறித் துணி அதே கசவுக் கரையோடு குறைந்த விலைக்குக் கடைக்கு வந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாததால் வாங்குபவர் மலிவானதை எடுக்கிறார். கரை போட்ட சேலை, வேட்டி போன்றவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதைத் தடுக்க முடியவில்லை. நூல் விலை ஏறியது. கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. விற்பனையோ ஓணத்தையும் விஷுவையும் நம்பியே இருக்கிறது. ஊரில் இயங்கிய திருவனந்தபுரம் ஸ்பின்னிங் மில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. படித்த பிள்ளைகள் குழித்தறியில் உட்கார வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

2009–10இல் பாலராமபுரம் சேலைக்கும் நுண்பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2017இல் தொடங்கியபின், தென் மாவட்டச் சங்கங்களுக்கு ஹான்டெக்ஸ் வழியாக ஓணத்தைத் தாண்டியும் வேலை வருகிறது. ஆனால் சீருடைத் துணியில் கரையும் கிடையாது, கசவும் கிடையாது. அதை நெய்ய எறிநாடாக்காரர் தேவைப்படுவதில்லை.