வடக்கு மேலே இல்லை

2001ஆம் ஆண்டில் கற்பிட்டிக் குடாநாட்டிலே, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட மாலைநேரப் பாடசாலையொன்றில் நான் சமூகக்கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஊர்ப் பிள்ளைகள் இருந்து படித்துவிட்டுப் போன அதே வாங்குகளில், பிற்பகலில் அகதிப் பிள்ளைகள் வந்து அமர்வார்கள். தரம் எட்டில் தேசப்படப் பாடத்தைத் தொடங்கிய முதல் நாள் ஒரு கேள்வி கேட்டேன். "வடக்கு எந்தப் பக்கம்?" அநேகமான கைகள் கூரையைக் காட்டின. "மேலே, சேர்" என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களின் பிள்ளைகள் அவர்கள். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று பல ஊர்க்காரர்களும் அங்கே இருந்தனர். ஊரைவிட்டு வரும்போது இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளாயிருந்ததால் எதுவும் அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் 'வடக்கு' என்ற சொல்லைக் கேட்காமல் அவர்களுக்கு ஒரு நாள் கழிந்ததில்லை. "வடக்கிலே நமக்குக் காணியிருந்தது", "வடக்கிலே மூத்தாப்பாவின் கபுறு இருக்கிறது" என்று கிடுகுக் கொட்டிலுக்குள் இரவெல்லாம் பேச்சு நடக்கும். அந்த வடக்கு கூரைக்கு மேலே எங்கோ இருப்பதாகத்தான் பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள்.

பிழை பிள்ளைகளுடையதல்ல. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு பூமிசாஸ்திரம் என்ற தனிப்பாடம் கனிஷ்ட வகுப்புகளில் சமூகக்கல்விக்குள் கரைந்தது. தேசப்படம் என்பது பரீட்சைத் தாளோடு வரும் புறவுருவப் படத்தில் இடங்களைக் குறித்துப் புள்ளி வாங்குகிற வித்தையாகச் சுருங்கிவிட்டது. மகாவலி எங்கே வளைகிறது, திருகோணமலை எந்தக் குழிவில் இருக்கிறது என்று படத்தின் உருவத்தைப் பார்த்துப் பாடமாக்கினால் போதும். சுவரில் தொங்கும் அந்தக் கடதாசிக்கும் காலடியில் கிடக்கும் மணலுக்கும் ஏதாவது உறவுண்டு என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நானும் அதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை முற்பகலிலேயே வரச்சொல்லி, முற்றத்து மணலில் நேரான கம்பொன்றை நட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு சிப்பியை வைத்தோம். நிழல் ஆகக் குறுகிய இடத்திலிருந்து கம்பின் அடிக்குக் கோடிழுத்தால் அது வடக்குத் தெற்குக் கோடு. இதுவரை புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் உச்சி நிழல் வடக்கைக் காட்டும் என்றும் அதே புத்தகம் சொல்லியிருந்தது. எங்கள் கம்பின் நிழலோ தெற்கே விழுந்தது. அது மே மாதம். நாங்கள் இருந்தது ஏறத்தாழ வடக்கு 8 பாகை அகலாங்கில். ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்று முன்னிருந்து ஓகஸ்ட் முடியும் வரை உச்சிச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும்.

"அப்ப புத்தகம் பிழையா, சேர்?" என்று ஒரு பையன் கேட்டான். "புத்தகம் எழுதின ஆளுடைய ஊருக்கு அது சரி. நம்மட ஊருக்கு நாமதான் பார்த்து எழுத வேணும்" என்றேன்.

அதே மாதம் 28ஆம் திகதி இன்னொரு பாடம். ஆண்டில் இரண்டு தடவை, மே 28இலும் ஜூலை 16இலும், கஃபாவுக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறது. இன்றைய இலங்கை நேரப்படி அது முறையே பிற்பகல் 2.48க்கும் 2.57க்கும் நிகழும். 2001இல் நாட்டின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தபடியால் அன்று எங்களுக்கு 3.18. மாலைநேரப் பாடசாலையின் ஒரேயொரு அனுகூலம் அன்றுதான் கிடைத்தது. அந்த நிமிடத்தில் கம்பின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு நேரெதிர்ப்பக்கம் கிப்லா. கோடிழுத்துப் பாகைமானி வைத்துப் பார்த்தோம். மேற்கிலிருந்து வடக்காக 23, 24 பாகை வந்தது.

பிறகு வகுப்பறைக்குள் வந்து, மேர்காற்றர் முறையில் வரையப்பட்ட உலகப் படத்தில் புத்தளத்தையும் மக்காவையும் அடிமட்டத்தால் இணைத்தோம். வந்தது 19 பாகை. இரண்டில் எது உண்மை என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. கடைசியில் பூகோள உருண்டையொன்றை இரவல் வாங்கிவந்து, புத்தளத்திலிருந்து மக்காவுக்கு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் வடக்காகச் சற்று வளைந்து போனது. உருண்டையைத் தட்டையாக்கும்போது ஏதாவது ஒன்று பிழைத்தே தீரும். எதைப் பிழைக்க விடுவது என்று படம் வரைந்தவர் தீர்மானிக்கிறார். இந்த ஒரு வசனத்தைப் பலகையில் எழுதி நான் விளக்கியிருந்தால் எவருக்கும் விளங்கியிருக்காது. நூல் விளக்கியது.

இந்தக் கேள்விக்கு நம்முடைய வரலாற்றில் நீண்ட தொடர்ச்சியொன்று இருப்பதை அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்பாசிய ஆட்சியில் 833ஆம் ஆண்டளவில் அல்குவாரிஸ்மி, தொலமியின் நூலைத் திருத்தி 2,400க்கும் மேற்பட்ட இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் தொகுத்தார். 1025இல் அல்பிரூனி நகரங்களின் அமைவிடத்தைக் கணிப்பது பற்றித் தனி நூலே எழுதி முடித்தார். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் காண்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1154இல் அல்இத்ரீஸி, சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜருக்காகப் பலேர்மோவில் உலகப் படத்தை 70 பகுதிகளாக வரைந்து முடித்தார். அதில் நம்முடைய ஸரந்தீபும் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் தெற்குத்தான் மேலே இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்த இலங்கைப் படத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். தெவிநுவர உச்சியில், பருத்தித்துறை அடியில். "இப்ப வடக்கு எங்கே?" என்று கேட்டேன். சில கைகள் நிலத்தைக் காட்டின. ஒரு பிள்ளை மாத்திரம் எழும்பி, படத்தைப் பாராமல் ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் நாங்கள் இழுத்திருந்த கோட்டின் போக்கில் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் கடல். கடலுக்கப்பால் மன்னார்.

அடுத்த கிழமைகளில் இப்னு பதூதாவைக் கொண்டுவந்தேன். 1344இல் மாலைதீவிலிருந்து வந்த அவர் கரையிறங்கிய பத்தாலா, நம்முடைய புத்தளம் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலையைத் தரிசிக்கத் துணை கேட்டார். மன்னன் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தனுப்பினான். அவர் மலையிலேறி, தீனவர், காலி, கலன்பு வழியாகத் திரும்பப் பத்தாலாவுக்கே வந்து சேர்ந்தார். தீனவர் தெவிநுவர, கலன்பு கொழும்பு. இடையில் அவர் சொல்லும் குனகார் எதுவென்பதில் குருநாகல், கம்பளை என்று அறிஞர்கள் வேறுபடுகின்றனர். பிள்ளைகள் புறவுருவப் படத்தில் அந்தப் பாதையை வரைந்தார்கள். அளவுத்திட்டத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்தார்கள். குனகாரை எங்கே வைப்பதென்று, ஒரு நாளைக்கு மனிதன் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்ற கணக்கோடு வாதாடினார்கள். பரீட்சையில் இப்படியொரு கேள்வி வராது. ஆனால் தாங்கள் குடியிருக்கும் அகதி மண் வரலாற்றின் ஒரு வாசல் என்பது அன்று அவர்களுக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் ஒரு அங்குலப் படத்தை எடுத்தேன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் வாங்கிய சில பழைய தாள்கள் என்னிடம் இருந்தன. 1800இல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம், முழுத் தீவையும் 72 தாள்களில் அடக்கிய படவரிசை அது. நிலத்தில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம். அதாவது 63,360இல் ஒன்று. குளங்கள், ஆறுகள், ஒற்றையடிப் பாதைகள், வழிபாட்டிடங்கள், சமவுயரக் கோடுகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் குறியீடுண்டு. பிற்காலத்தில் வந்த 50,000இல் ஒன்று என்ற படவரிசை 92 தாள்களைக் கொண்டது.

மன்னார்ப் பகுதித் தாளை பஸ்ஸில் கொண்டுபோக அந்நாளில் எனக்குப் பயமாயிருந்தது. சோதனைச் சாவடியில் அதை விரித்தால் நான் ஆசிரியன் என்பதை யார் நம்புவார்கள்? வீட்டிலிருந்தே எண்ணெய்த் தாளில் முசலிப் பகுதியைப் பிரதிசெய்து, கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொண்டுபோனேன். வடக்கே அருவியாறு, தெற்கே மோதரகம் ஆறு, மேற்கே கடல். இடையில் அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி, மறிச்சுக்கட்டி. வீட்டில் கேட்ட பெயர்கள் தாளில் இருப்பதைக் கண்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். சுவர்ப் படத்தில் கற்பிட்டியிலிருந்து சிலாபத்துறைக்கு நூல் வைத்து அளந்தோம். நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அநுராதபுரம், வவுனியா சுற்றி மன்னாருக்குப் போவதானாலே 250 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து சிலாபத்துறைக்குப் போக அன்று வழியுமில்லை.

ஒரு பையன் அந்தப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். மறுநாள் அவனுடைய வாப்பா வந்தார். வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்கிறவர். கைகளில் மண் காயவில்லை.

"சேர், இதில எங்கட ஊர் இருக்கென்டு மகன் சொல்றான். எனக்கு ஒண்டும் பிடிபடுதில்ல."

தாளை வாங்கில் விரித்து, முற்றத்துக் கோட்டைப் பார்த்து அதன் வடக்கை நிலத்தின் வடக்கோடு பொருத்தி வைத்தேன். "நானா, இந்தப் பக்கம் கடல். நீங்க கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறீங்க எண்டு வைங்க."

சற்று நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு விரல் தானாக நகர்ந்தது. "இது அகத்திமுறிப்புக் குளம். அப்ப இது வாய்க்கால். எங்கட வயல் இதுக்குக் கீழ." விரல் வெற்றிடத்தில் நின்றது. "வயலை இதில கீறல்லியே, சேர்?"

எவ்வளவு காணி என்று கேட்டேன். மூன்று ஏக்கர் என்றார். அளவுத்திட்டத்தை அன்று நான் அவருக்குத்தான் படிப்பித்தேன். ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீற்றர். அதை 63,360ஆல் பிரித்தால் ஒரு மில்லிமீற்றர். அவருடைய மூன்று ஏக்கரும் அந்தத் தாளில் மூன்று கடுகுக்கு மேல் வராது. மகன் பென்சிலைக் கூராக்கிக் கொடுத்தான். வாப்பா காட்டிய இடத்தில் அவனே ஒரு புள்ளி வைத்தான்.

போர் 2009இல் முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளிற் பலர் திரும்பிப் போனார்கள். இருபதாண்டு மனிதர் காலடி படாத குடியிருப்புகளும் வயல்களும் காடாகிக் கிடந்தன. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளும், 2017இல் மாவில்லு என்ற பெயரில் இன்னும் விரிந்த பரப்பும் வர்த்தமானி மூலம் காட்டு ஒதுக்கங்களாயின. அவற்றுள் தங்கள் குடியிருப்பும் மேய்ச்சல் நிலமும் அடங்கியிருப்பதாக மக்கள் சொல்கிறார்கள். காடு காக்கப்பட வேண்டுமென்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எது காடு, எது காடாகிப்போன ஊர் என்ற கேள்விக்கு விடை தேசப்படத்தில்தான் தேடப்படுகிறது. செய்மதிப் படம் அது எடுக்கப்பட்ட நாளின் பச்சையைக் காட்டும். அந்தப் பச்சைக்கு அடியில் யாருடைய கிணறு கிடக்கிறதென்பதை அது சொல்லாது. அதற்குப் பழைய தாள் வேண்டும். காணி உறுதியோடுள்ள நில அளவைப் படம் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

எங்களுடைய கூட்டங்களில் நான் கண்ட குறை இந்தக் கடைசி ஆள்தான். கவிதை எழுதுகிறவர்கள் இருந்தார்கள்; மகஜர் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். வர்த்தமானியில் திசையும் எல்லையும் குறித்து எழுதப்பட்ட அட்டவணையை வாசித்து, அந்தக் கோடு நிலத்தில் எங்கே போகிறதென்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். நம்முடைய இடப்பெயர்வைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் நிறைய வந்துவிட்டன. அவை வேண்டியவை. ஊரின் பெயரை எழுதுகிற நாம் ஊரின் எல்லையையும் வாசிக்கப் பழகியிருக்க வேண்டும்.

இப்போது தரம் எட்டில் இருப்பது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். 2007இலிருந்து புவியியல் மீண்டும் தனிப்பாடமாக வந்திருக்கிறது. ஆனால் வடக்கு எங்கேயென்று கேட்டால் பிள்ளைகள் கைபேசியைப் பார்க்கிறார்கள். ஆசிரிய நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு கம்பு, கொஞ்ச மணல், ஒரு நூல். அடுத்த மே 28 பிற்பகல் 2.48க்கு முற்றத்துக்கு வாருங்கள்.

சென்ற ஆண்டு முசலியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். "சேர், அந்த எண்ணெய்த் தாள் இன்னும் இருக்கா?" குரல் பிடிபடவில்லை. "வயலுக்குப் புள்ளி வச்ச பொடியன்" என்றார். காணி விசாரணையொன்றாம். எண்ணெய்த் தாள் சாட்சியாகாது, அதன் மூலத்தாளின் அத்தாட்சிப் பிரதியைத்தான் கேட்டு எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். "தெரியும் சேர், அதுக்கு விண்ணப்பிச்சிட்டன்" என்றார். "இது வாப்பாக்குக் காட்ட."