குரங்கணி – டாப் ஸ்டேஷன் மலைவழி

குரங்கணி – டாப் ஸ்டேஷன் மலைவழி என்பது தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் உள்ள குரங்கணி, கொட்டகுடி ஆகிய மலையடிவார ஊர்களிலிருந்து கேரள எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை ஏறிச் செல்லும் பழைய பாதையாகும். போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இடைப்பட்ட சரிவில் ‘சென்ட்ரல்’ என்று இன்றும் அழைக்கப்படும் சிறு குடியிருப்பு ஒன்று உண்டு. மோட்டார் வாகனம் இந்தப் பாதையில் ஏறாது. ஆளும் கழுதையும் குதிரையும் மட்டுமே ஏறும்.

மலையூரின் பெயர் டாப் ஸ்டேஷன். நடுவிலுள்ள குடியிருப்பின் பெயர் சென்ட்ரல். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எங்கும் ரயில் இல்லை. சுற்றுலா வருவோர் இதைப் பேருந்து நிலையத்தின் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை நூறாண்டுகளுக்கு முன் தேயிலைப் பெட்டிகள் இறங்கிய ஒரு சரக்குத் தடத்தின் நிலையங்கள். கொட்டகுடிக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்ற பெயரும் இருந்தது.

தேயிலைக்கு முன்

மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான நடை, தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இம்மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினர், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் என்ற மரபைச் சொல்கின்றனர். அவர்களுடைய பெயரையே அந்த முதுகுச் சுமையோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி என்னும் அவர்களுடைய ஊர் இருக்கிறது.

அடுத்து ஏலக்காய். ஏலமலை திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஆனால் ஏலம் பயிரிட மலையேறியவர்களில் பெரும்பகுதியினர் போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்துத் தமிழர்கள். விளைந்த காய் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் இந்தப் பக்கமே இறங்கியது. மேற்குப் பக்கம் அடர்ந்த காடும் ஆறுகளும் வழிமறித்தன. கிழக்குச் சரிவு செங்குத்தானது என்றாலும் தொலைவு குறைவு. போடி இன்றும் ஏலக்காய்ச் சந்தையாக இருப்பதற்கும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல விற்பனை இங்கே நடப்பதற்கும் அடிப்படைக் காரணம் இந்த நிலவமைப்புதான். அரசு எல்லை ஒரு பக்கம் போனாலும் சரக்கு போன பக்கம் வேறு.

ஒற்றைத் தண்டவாளமும் கம்பிவடமும்

1877இல் ஜே. டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் ஜேம்ஸ் ஃபின்லே குழுமத்தின் சார்பில் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. தேயிலை பெருகியதும் அதைக் கீழே கொண்டுவருவது பெரிய சிக்கலாயிற்று.

1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சென்ற வண்டிப்பாதையின் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. இது இந்தியாவின் முதல் மோனோ ரயில். இப்போது பெருநகரங்களில் தூண்மேல் ஓடும் மோனோ ரயிலை இதற்கு மாதிரியாக நினைத்துப் பார்க்கக் கூடாது. எவிங் முறை என்று அழைக்கப்பட்ட இந்த அமைப்பில், பெட்டியின் சிறு சக்கரங்கள் தரையிலிருந்த ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடின. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு, பெட்டி சாய்ந்துவிடாமல் தாங்கியது. பாரத்தில் மிகப் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல் இருந்ததால் உராய்வு குறைந்தது, சாலையும் குழிவிழாமல் தப்பியது. இழுத்தவை காளைகள். இதே முறையில் 1907இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் அமைந்த வண்டியின் எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாறில் ஓடியதற்குப் பெயர்தான் மிஞ்சியது.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலமுள்ள குறுகிய இருப்புப் பாதை போடப்பட்டது. நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் ஆகியவை நிலையங்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று இதற்குப் பெயர்.

டாப் ஸ்டேஷனோடு ரயில் நின்றுவிடும். அதற்குக் கிழக்கே மலை சட்டென்று அறுந்து விழுகிறது. அங்கிருந்து கொட்டகுடி வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்குக் கம்பிவடம் இழுக்கப்பட்டிருந்தது. தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கின. அரிசியும் மற்றப் பண்டங்களும் ஏறின. தொழிலாளர்களுக்குக் கம்பிவடம் இல்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த குடும்பங்கள் சட்டிபானைகளோடும் கைக்குழந்தைகளோடும் அதே சரிவை நடந்தே ஏறின. மூணாறுத் தோட்டங்களில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அந்த நடைதான் தொடக்கம்.

கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அதற்குமேல் என்ன என்பதில் ஒரு பிழை பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. போடியில் தேயிலை ரயிலேறியது என்பார்கள். மதுரை – போடி மீட்டர் பாதை திறக்கப்பட்டது 1928இல். குண்டளை ரயில் அழிந்ததோ 1924இல். குண்டளை ரயில் ஓடிய நாளில் போடிக்கு ரயிலே வரவில்லை. அக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்கான ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. பெரியாறு அணை கட்டத் தேவையான பொருள்களும் அங்கே இறங்கித்தான் வண்டிகளில் வந்தன. ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும் செய்தி இது. மாணவர்கள் இணையத்தில் படிப்பதை இப்படி ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வெள்ளமும் அதற்குப் பிறகும்

1924 ஜூலையில் பெய்த பெருமழை குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். பாதையை மறுபடி அமைக்கவில்லை. 1931இல் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறக்கப்பட்டதும் தேயிலையின் முகம் மேற்கே கொச்சித் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது. தெற்கே போடிமெட்டு வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளோடு மோட்டார் சாலை வந்ததும், போடியின் மலைப் போக்குவரத்தும் அங்கே போய்ச் சேர்ந்தது. நாள்தோறும் விடியலில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் போவது அந்தச் சாலையில்தான். குரங்கணி வழி மறக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. மலைக் குடியிருப்புகளுக்கு அது ஒன்றே வழி. சரக்கு விட்டுப்போனது, அவ்வளவுதான்.

டாப் ஸ்டேஷனைத் தொட்ட இன்னொரு பாதைக்கும் இதே கதி நேர்ந்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு வழியாக மூணாறு செல்லும் சாலை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தென்னிந்தியாவைத் தாக்கினால் ஆங்கிலேயர் கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்காகச் சீர்செய்யப்பட்டது. தப்பிக்கும் சாலை என்றே பெயர். தப்பிக்க வேண்டிய தேவை வரவில்லை. 1990இல் அது வாகனங்களுக்கு மூடப்பட்டது. இப்போது காட்டுயிர்களின் தடமாக இருக்கிறது.

வண்டி ஓடாத வழிகள்

பிரான்ஸ் நாட்டில் இப்படிக் கைவிடப்பட்ட தடங்களை வேறுவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கிராமப்புறக் கிளை ரயில் பாதைகள் பல 20ஆம் நூற்றாண்டில் மூடப்பட்டன. தண்டவாளங்களை எடுத்துவிட்டு, மேடையைச் சமப்படுத்தி, மிதிவண்டிக்கும் நடைக்கும் மட்டும் விட்டார்கள். பசுமை வழி என்று அவற்றைச் சொல்கிறார்கள். முதலாவது, பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரிக்கும் குளூனிக்கும் இடையே 1997இல் திறக்கப்பட்டது. குளூனியில் 910இல் நிறுவப்பட்ட பெரும் துறவிமடத்தின் எச்சங்கள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்கள், பழைய கோட்டை வீடுகள், டெசே கிராமம் எல்லாம் அந்த வழியோரமே. குளூனிக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பழைய ரயில் சுரங்கம் ஒன்றைக் குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக மூடிவிடுகிறார்கள்! ரயிலுக்காகப் போட்ட பாதை ஆதலால் ஏற்றம் மிகக் குறைவு. முதியவர்களும் சிறுவர்களும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம்.

போடியிலும் இப்படி ஒரு தடம் வெறுமனே கிடந்த காலம் உண்டு. மதுரை – போடி மீட்டர் பாதை இரண்டாம் உலகப் போரின்போது ஒருமுறை பெயர்க்கப்பட்டு 1950களில் மறுபடி போடப்பட்டது. பிறகு அகலப் பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. ரயில் தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்த மக்கள் கேட்டது மிதிவண்டிப் பாதையை அல்ல, ரயிலை. அவர்கள் கேட்டது சரிதான். வீட்டுக்கு வீடு கார் உள்ள நாட்டில் மூடிய ரயில் பாதை பூங்காவாகலாம். விளைச்சலையும் மாணவர்களையும் நோயாளிகளையும் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டிய ஊரில் அது மறுபடி ரயிலாகத்தான் வேண்டும்.

ஆனால் குரங்கணி வழி வேறு வகை. போடியிலிருந்து குரங்கணி வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தார்ச்சாலை. மாந்தோப்புகளும் இலவமரங்களும் சூழ்ந்தது. வைகையின் துணையாறான கொட்டகுடி ஆறு கூடவே வரும். மிதிவண்டிக்கு ஏற்றது. அதற்குமேல் நடைதான். ஒருபுறம் காப்பியும் ஏலமும், உயரம் கூடக்கூடச் சோலைக்காடும் புல்வெளியும். டாப் ஸ்டேஷன் பக்கம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும். கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018இல்.

2018 மார்ச் 11

அதே ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணிக்கு மேலே கொழுக்குமலையிலிருந்து இறங்கும் தடத்தில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் அதில் சிக்கினர். பெரும்பாலும் இளைஞர்கள், பாதிக்கு மேல் பெண்கள். கோடையில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல்லில் தீ காற்றோடு ஓடியது. முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். தோளிலும் டோலியிலும் காயம்பட்டவர்களை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர்.

அரசு, அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணைக்கு உத்தரவிட்டது. அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. தீப்பிடித்தது கொழுக்குமலைத் தடம் என்றாலும், டாப் ஸ்டேஷன் தடத்திலும் வெளியார் நடப்பது நின்றுபோனது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றத் தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்தபோது, குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரையிலான தடம் அப்பட்டியலில் இடம்பெற்றது. தீப்பிடிக்கும் கோடை மாதங்களில் காட்டுக்குள் யாரும் அனுமதி கேட்காமலிருப்பதே அறிவு.

சாலைக் கோரிக்கை

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மோட்டார் சாலை வேண்டும் என்ற கோரிக்கை போடிப் பகுதியில் நெடுங்காலமாக உள்ளது. மூணாறுக்குத் தொலைவு வெகுவாகக் குறையும் என்பது வணிகர்களின் கணக்கு. காடும் யானைத் தடமும் துண்டாகும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரண்டு தரப்பும் பெரும்பாலும் கீழே இருந்து பேசுகின்றன. கொழுக்குமலை தமிழ்நாட்டில், போடி வட்டத்தில் இருக்கிறது. ஆனால் வாகனத்தில் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் நுழைந்து சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக முடியும்.

சென்ட்ரலிலும் மற்ற மலைக் குடியிருப்புகளிலும் இருப்பவர்களுக்கு அரிசி மூட்டை இன்றும் கழுதை மேல்தான் ஏறுகிறது. தேர்தல் வந்தால் இம்மலையூர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை மேல் போகும். மறுநாள் நாளிதழ்களில் படம் வரும். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித் தூக்கி இறக்குவது படமாக வருவதில்லை. கம்பிவடம் இருந்த காலத்தில் தேயிலைப் பெட்டி சில மணி நேரத்தில் இறங்கிய சரிவு அது. அந்தக் கம்பிவடத்தின் சிதைந்த அடித்தளங்கள் டாப் ஸ்டேஷனிலும் கொட்டகுடிப் பக்கமும் இன்னும் கிடக்கின்றன.