7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு (தமிழ்நாடு)

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் வழங்கப்படும் முன்னுரிமை. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காட்டைப் பரிந்துரைத்தது; ஆனால் 2020இல் 7.5 விழுக்காடே சட்டமானது. முதலாண்டுக் கலந்தாய்வில், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியின்றிச் சில ஏழை மாணவர்கள் அதைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிந்தது. அவற்றுக்கான கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களும் அரசின் பொறுப்பாயின. மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.