சரிவின் கணக்கை யார் பேணுவது? தெல்தோட்டையை முன்வைத்து ஒரு வாதம்

இலங்கையின் மலைநாட்டிலுள்ள தெல்தோட்டைச் சரிவுகளில் விழும் மழை எவ்வளவு மண்ணை அரித்துக்கொண்டு மகாவலி ஆற்றை நோக்கிப் போகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கப் பரவலாகக் கையாளப்படும் கருவிகளுள் ஒன்று ஸ்வாட் மாதிரியுரு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் ஜெஃப் ஆர்னோல்ட் உருவாக்கியது. அதன் சமன்பாடுகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அச்சமன்பாடுகளுக்கு ஊட்டப்படும் கோப்புகளையும், வரைபட மென்பொருளோடு அதனைப் பிணைக்கும் சொருகிகளையும் யார் பேணுவது என்ற கேள்வியோ ஆய்வறிக்கைகளின் பின்னிணைப்பைத் தாண்டி வருவதில்லை. கேட்கும்போதும் இரண்டையும் ஒரே பராமரிப்புச் சிக்கலாகவே கருதிவிடுகிறோம். அது பிழை. சொருகியைப் பேண வெளியுலகில் ஆளுண்டு. தெல்தோட்டையின் கோப்பைப் பேண இங்குள்ளவர்களை விட்டால் வேறு யாருமில்லை.

சொருகி பழுதானால் உடனே தெரிந்துவிடும். 2018 பெப்ரவரியில் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் 3 வெளியானபோது பைத்தன் 2 இலிருந்து 3 க்கும், க்யூடி 4 இலிருந்து 5 க்கும் மாற நேர்ந்தது. பழைய சொருகிகள் திறக்க மறுத்தன. ஸ்வாட்டுக்கான கியூஸ்வாட் சொருகிக்கும் புதிய பதிப்பு தேவைப்பட்டது. முன்பு மைக்ரோசொஃப்ட் அக்சஸில் இருந்த தரவுத்தளம், ஸ்வாட்டின் புதிய வடிவமான ஸ்வாட் பிளஸ் வந்தபின் எஸ்கியூலைட்டுக்கு மாறியது. தொல்லைதான். ஆனால் திரையில் பிழைச்செய்தி வருகிறது, உலகின் பல மூலைகளிலிருந்து முறைப்பாடு போகிறது, யாரோ ஒருவர் திருத்திவிடுகிறார்.

கோப்பு கெட்டால் எந்தச் செய்தியும் வராது. இலங்கையின் பழைய ஆள்கூற்று முறையில் கிழக்கு, வடக்கு இரண்டும் 200,000 மீட்டரில் தொடங்குகின்றன. 1999 முறையில் 500,000 இல். இவற்றைக் குழப்பினால் தெல்தோட்டை கடலுக்குள் போய்விழும், எவரும் கவனித்துவிடுவர். ஆபத்து சிறிய பிழையில்தான். அந்தப் பழைய முறைக்குரிய கந்தவல ஆதாரத்தளத்தில் வரைந்த மண் வரைபடத்தை, ஆதாரமாற்றம் செய்யாமல் டபிள்யூஜிஎஸ் 84 இல் அமைந்த உயரத் தரவின்மேல் வைத்தால் ஏறத்தாழ 200 மீட்டர் நகர்வு ஏற்படும். 30 மீட்டர் கட்டங்களில் அது ஆறேழு கட்டம். சமவெளியில் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மலையிலோ ஒரு முகட்டின் மண் மறுபக்கப் பள்ளத்துக்குப் போய்விடும். மாதிரியுரு தடையின்றி ஓடும், அழகான வரைபடமும் தரும்.

இன்னும் நுட்பமானது மண்காப்புக் காரணி. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, இப்பகுதியின் தோட்டங்களில் மண்ணைப் பிடித்துவைப்பவை சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள். ஸ்வாட்டில் அவற்றின் பயன் ஒவ்வொரு நீரியல் அலகின் மேலாண்மைக் கோப்பிலும் ஒற்றை எண்ணாக ஒடுங்குகிறது. மாற்றாமல் விட்டால் அதன் மதிப்பு 1. அதாவது காப்பே இல்லை. சமன்பாட்டில் இது நேரடிப் பெருக்கி என்பதால், 0.5 ஆக்கினால் சரிவிலிருந்து வரும் மண் சரிபாதியாகிவிடும். கான் தூர்ந்து கிடக்கும் மலைக்கும், ஒழுங்காகத் தூர்வாரிய மலைக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் அளவுதிருத்தத்தின்போது, ஆற்றில் அளந்த வண்டலோடு விடை பொருந்தும்வரை இந்த எண்ணையும் ஸ்வாட்-கப் போன்ற கருவிகள் அசைத்துப் பார்க்க இடமளிக்கிறோம். அதன்பின் கோப்பில் 0.4 என்று இருந்தால் அது மலையில் பார்த்ததா, பொருத்தத்துக்காக வந்ததா? அடுத்த மாணவர் அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்கிறார். எண் களத்தரவாக மாறிவிடுகிறது. என் பார்வையில் இது சொருகி உடைவதைவிடப் பன்மடங்கு மோசமானது.

எல்லாவற்றையும் மென்பொருளோடு சேர்த்து உறைநிலையில் சேமித்துவிடலாமே என்று கேட்கப்படலாம். பழைய விடையை மீண்டும் பெற அது போதும். ஆனால் கான்கள் உறைந்து நிற்பதில்லை; ஒரு பெருமழைக்குப் பின் பழைய எண் பொய்யாகிவிடும். கட்டணம் செலுத்திப் பெற்ற மழைத் தரவைப் பொதுக் கோப்பில் வைக்க முடியாது என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அப்படியானால் மழையை விட்டுவிட்டு, மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் மேலாண்மையையும் பகிரலாம். நிலையங்களின் பெயரும் காலமும் குறிப்பிட்டால், தேவைப்படுபவர் தாமே பெற்றுக்கொள்வார்.

பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. இப்பொறுப்பை ஆண்டுதோறும் கைமாறும் மாணவரிடம் விடாமல், ஒரு துறையின் நிரந்தரப் பணியாக்குவது கைக்கெட்டிய காரியம். முதலில் செய்யவேண்டியது எளிது: மண்காப்பு எண்ணின் அருகே இரண்டு நிரல்கள். ஒன்றில், அது அளந்ததா, ஊகித்ததா, பொருத்தியதா என்ற குறிப்பு. மற்றதில், அந்த மலையின் கான் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்ற திகதி. அதை அமெரிக்காவிலுள்ள நிரலாளரிடம் கேட்டுப் பயனில்லை. தோட்டத்து வேலைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.